சரக்கு லிஃப்டில் உக்காந்த மத்தியானம்

குடிம்மா, குடி. இன்னும் பாதி பாட்டில் இருக்கே. மெதுவா குடி. ஒரேயடியா ஊத்தினா ஓங்கரிக்கும். எத்தனை மாசம்? மூணா? முதப் பிள்ளையா? நல்லாருக்கட்டும்.

தண்ணி குடிச்சிட்டு அடக்கிட்டு இருன்னு இந்த ஸ்கேன் சென்டர்ல சொல்லுதாங்களே, ஏன்னு தெரியுமா உனக்கு? கர்ப்பப்பை இப்ப சின்னதா இடுப்பெலும்புக்குள்ள பதுங்கிக் கிடக்குமாம். முன்னால மூத்திரப்பை. அது ரொம்பிச்சுன்னா குடலை ஒதுக்கி விட்டுரும், பின்னால இருக்கிறது ஸ்கேன்ல தெளிவாத் தெரியும். நான் படிச்சவ இல்ல. ஒரு பிள்ளை போன்ல சொன்னா. அவ சொல்லித்தான் நானும் இங்க வந்து உக்காந்திருக்கேன். அவளை நினைச்சா எனக்கு இன்னும் ஆறல.

நெளியாத. நெளிஞ்சா ஜாஸ்தி முட்டும். ஒரு பக்கமா கனத்தைப் போட்டு உக்காரு. இந்த வேலைல நான் கெட்டிக்காரி. என் பேரு செல்லக்கனி, சாத்தான்குளம் பக்கம். மெட்ராசுக்கு வந்து இருவது வருசத்துக்கு மேல ஆச்சு. பெரிய ஜவுளிக்கடைல மூணாம் மாடி, பட்டு செக்‌ஷன். சேல்ஸுக்குச் சேந்தேன், இப்ப சூப்பர்வைசர். எனக்குக் கீழ ஒரு படைப் பிள்ளைங்க. எல்லாம் நம்ம தெக்கத்திப் பிள்ளைங்க. கடைக்குப் பின்னாலயே ஹாஸ்டல், அங்கயே சோறு, அங்கயே தூக்கம்.

எங்க கடைல உக்காரக் கூடாது. ஆள் வந்தாலும் நிக்கணும், வராட்டாலும் நிக்கணும். பாத்ரூம் ஒவ்வொரு மாடிலயும் உண்டு, அது கஸ்டமருக்கு. எங்களுக்கு மொட்டை மாடில. அதுக்கும் சூப்பர்வைசர்கிட்டக் கேட்டுட்டுத்தான் போகணும், ஒருத்தி வந்த பிறகுதான் அடுத்தவ. கேக்கதுக்குக் கொடுமை மாதிரி இருக்கும். ஆனா நீ ஒரு கல்யாணக் கூட்டத்தை உக்கார வச்சு முப்பது சேலையைப் பிரிச்சுப் போட்டிருக்க, நடுவுல மொட்டை மாடிக்குப் போயிட்டா அந்தக் கூட்டம் அடுத்த கடைக்கு எந்திரிச்சுப் போயிராதா? வேலைன்னா வேலை.

புதுப் பிள்ளைங்க மொத வாரம் அழும். நான்தான் பழக்கி விடுவேன். காலைல அரை டம்ளர் காப்பி. அதோட மத்தியானச் சோறு வரைக்கும் ஒரு சொட்டு தண்ணி உள்ள போகக் கூடாது. முட்டும்போது மனசை வேற எதுலயாவது வைக்கணும், சேலைல ஜரிகைப் பூவை எண்ணணும். கொஞ்ச நாள்ல உடம்பு கேட்டுக்கும். எனக்கெல்லாம் காலைல போனா சாயந்திரம் வரைக்கும் ஒண்ணும் தோணாது. தனபாலன் சார், எங்க ஃப்ளோர் மேனேஜர், எல்லார் முன்னாலயும் சொல்லுவாரு, செல்லக்கனியைப் பாத்துக் கத்துக்கோங்கன்னு.

கல்நெஞ்சுக்காரின்னு நினைச்சிராத. நீர்க்கடுப்புன்னு வந்து நிக்கும் பிள்ளைங்க. பார்லித் தண்ணி காய்ச்சிக் குடுப்பேன். வெந்தயம் குடுப்பேன். தூரமான நாள்ல கூட ஒருதடவை மேல போயிக்கலாம்னு சார்கிட்டப் பேசி வாங்கினது நான்தான். யாரு நினைச்சுப் பாக்கா அதையெல்லாம்?

எனக்குப் பிள்ளை இல்லம்மா. ரெண்டு தடவை நின்னுச்சு, தங்கல. ரெண்டுமே தீபாவளி நேரம் பாத்து. கடைல நிக்கும்போதே அடிவயிறு இழுத்துப் பிடிச்சுச்சு. பாத்துட்டு இருந்த கூட்டத்தை பில்லுக்கு அனுப்பிட்டுத்தான் போனேன். டாக்டரம்மா கேட்டாங்க, எந்நேரமும் நின்னுட்டே இருப்பியா, அடிக்கடி நீர்க்கடுப்பு வருமான்னு. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? கொடுப்பினை இல்ல, அவ்வளவுதான். எங்க வீட்டுக்காரரு, அவிய அதே கடைல பேக்கிங். அவியளுக்கு ஸ்டூல் உண்டு. பேக்கிங்ல உக்காரலாம்.

அந்தப் பிள்ளையைச் சொல்ல வந்தேன். பேரு பிரம்மசக்தி. உடன்குடிக்காரி. போன வருசம் ஆடித் தள்ளுபடி முடிஞ்ச கையோட வந்தா. அவங்க அப்பா கூட்டிட்டு வந்து, மூணு வருசம் வேலை பாப்பான்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டாரு. பன்னிரண்டாவதுல சயின்ஸ் படிச்சவ. நர்சுக்குப் படிக்கணும்னு அழுதாளாம். அவரு காதுல வாங்கல. வீட்டுல இன்னும் ரெண்டு பொட்டைப்பிள்ளை இருக்கே.

வந்த அன்னைக்கே என்கிட்ட வாய். நான் தண்ணி குடிக்காதன்னு சொன்னா, அவ திருப்பிச் சொல்லுதா.

“யக்கா, நாம குடிக்கலன்னாலும் கிட்னி சும்மா இருக்காதுக்கா. அது ரத்தத்தை வடிகட்டிட்டேதான் இருக்கும். தண்ணி பத்தலன்னா மூத்திரம் கெட்டியாகும். அதான் கடுக்கு.”

“ஏட்டி, நீ இங்க பாடம் நடத்த வந்தியா, சேலை விக்க வந்தியா?”

“ரெண்டும்தான்க்கா” அப்படிங்கா. சிரிச்சிட்டே சொல்லுவா. மத்த பிள்ளைங்களும் சேந்து சிரிக்கும்.

புதுச் சேலைக் கட்டைப் பிரிச்சாப் போதும், அவளுக்குத் தும்மல். கஞ்சிப் பொடியும் நூல் தூசியும் மூச்சுக்குழாயைச் சுருக்குதுன்னு சொல்லி முகத்துல துணி கட்டிட்டு வந்து நின்னா. நான் அவுக்கச் சொல்லிட்டேன். மூஞ்சி தெரியாம எப்படிம்மா சேலை விக்கது? சிரிப்பைப் பாத்துத்தான வாங்குதாங்க. அவ அவுத்தா. அவுத்துட்டு என்னையே பாத்துட்டு நின்னா. திமிர்னு நினைச்சேன்.

தீபாவளிக்கு முந்தின ஞாயித்துக்கிழமை. உனக்குத் தெரியுமே, அன்னைக்கு எங்க தெருவுல எள்ளு போட்டா எள்ளு விழாது. மத்தியானம் மூணாம் மாடில சாஃப்ட் சில்க் தீந்துபோச்சு. கீழ குடோன்ல இருந்து சரக்கைக் கொண்டு வரணும், ஆள் இல்ல. சார் கத்துதாரு. நானே போறேன்னு கிளம்பினேன், தூக்க இந்தப் பிள்ளையைக் கூட்டிக்கிட்டேன். எங்களுக்குக் கஸ்டமர் லிஃப்ட் கிடையாது. பின்பக்கம் சரக்கு லிஃப்ட் ஒண்ணு உண்டு, இரும்புப் பெட்டி. ரெண்டு பேரும் கட்டுகளை அடுக்கிட்டு உள்ள ஏறினோம். ஒண்ணாம் மாடி தாண்டியிருக்கும். டக்குன்னு நின்னுபோச்சு. லைட்டும் போச்சு.

கதவைத் தட்டினோம். யாருக்குக் கேக்கும்? வெளிய மைக்ல ஆஃபர் சொல்லுதான், நாதஸ்வரம் போடுதான். பிள்ளைங்க போனைக் காலைலயே வாங்கி வச்சிருவோம். என் போனு மேல கவுண்டர்ல.

மொதல்ல எனக்கு ஒண்ணும் இல்ல. இப்ப வந்துருவாங்கன்னு நின்னுட்டே இருந்தேன். நேரம் போகப் போக நெஞ்சு அடைக்க ஆரம்பிச்சுச்சு. காத்தே இல்லாத மாதிரி. வாயைத் திறந்து இழுக்கேன், உள்ள போக மாட்டேங்குது. கை விரலெல்லாம் மரத்து இழுக்கு. செத்தேன்னு நினைச்சேன். பொய் சொல்லல. இந்தக் கடைல, இந்த டப்பாக்குள்ள என் உசுரு போகுதுன்னே நினைச்சேன்.

அவ இருட்டுல என் கையைத் தேடிப் பிடிச்சா.

“யக்கா, காத்து இருக்கு. கதவுக்கடில இடுக்கு இருக்கு பாருங்க, வெளிச்சம் வருது. வெளிச்சம் வந்தா காத்தும் வரும்.”

“மூச்சு முட்டுதுட்டி.”

“நீங்க வேக வேகமா இழுக்கீங்க. அதான் முட்டுது. உக்காருங்க மொதல்ல.”

எனக்கு உக்காரப் பயமா இருந்துச்சும்மா. சிரிக்காத. சாகப் போறேன்னு நினைக்கேன், அப்பவும் உக்காந்தா யாராவது பாத்துருவாங்களோன்னு பயம். அவ புரிஞ்சுக்கிட்டா. “இதுல கேமரா இல்லக்கா, யாரும் பாக்க மாட்டாங்க” அப்படின்னு தோளைப் பிடிச்சு அமுக்கி ஒரு சேலைக் கட்டு மேல உக்கார வச்சா. அந்தக் கடைல சோத்து நேரம் தவிர நான் உக்காந்தது அன்னைக்குத்தான்.

என் கையை எடுத்து என் வயித்து மேலயே வச்சா. “நெஞ்சுக்குக் கீழ குடை மாதிரி ஒரு தசை இருக்குக்கா. அது கீழ இறங்கினாத்தான் நுரையீரல் நல்லா விரியும். நீங்க தோளைத் தூக்கித் தூக்கி இழுக்கீங்க, அது பத்தாது. வயிறு இந்தக் கையை வெளிய தள்ளணும். மூக்கால மெல்ல இழுங்க. வாயால ஊதி விடுங்க, சுடுசோத்தை ஊதுற மாதிரி.”

ஊதினேன். அவளும் கூடவே ஊதினா. அவளுக்கு வேற கட்டுத் தூசி ஏறி நெஞ்சு கீச்சு கீச்சுன்னு சத்தம் போடுது. அதோட அவ எனக்குச் சொல்லிக் குடுக்கா. கொஞ்சம் கொஞ்சமா கை விரல் இளகுச்சு. தோள் இறங்குச்சு. உடம்பெல்லாம் தளந்து, எத்தனையோ வருசமா நின்ன கால் அப்பத்தான் ஓய்ஞ்ச மாதிரி இருந்துச்சு. அப்படியே கண்ணை மூடினேன்.

அப்பத்தான்ம்மா அது நடந்துச்சு.

முட்டவே இல்ல. சத்தியமாச் சொல்லுதேன், வருதுன்னே எனக்குத் தெரியாது. தொடை சுடும்போதுதான் தெரியுது. நிறுத்தலாம்னா நிறுத்த முடியல. காலைல இருந்து சேந்தது அத்தனையும். நான் உக்காந்திருந்த கட்டு நனைஞ்சு, தரைல ஓடி, அவ கால் வரைக்கும் போயிருச்சு.

அவ துப்பட்டாவை எடுத்துத் தரையைத் துடைக்கா. நான் ஏசினேன், “தொடாதட்டி, தள்ளிப் போ”ன்னு.

“விடுங்கக்கா. அதுக்கு ரெண்டு பூட்டு இருக்கு. ஒண்ணுதான் நம்ம கைல. நீங்க எத்தனை வருசமா அந்த ஒண்ணைப் பிடிச்சு இறுக்கிட்டே இருக்கீங்க. இப்ப பை நிறைஞ்சு தானா வழிஞ்சிருக்கு. அது உங்க தப்பில்ல.”

தப்புன்னு நான் எங்க சொன்னேன்? அவ பாட்டுக்குச் சமாதானம் சொல்லுதா.

லிஃப்டுக்கு மட்டும் போன கரெண்டு திரும்ப வந்துச்சு, லிஃப்ட் ஏறி மூணாம் மாடில நின்னுச்சு. கதவு திறந்தா தனபாலன் சார் நிக்காரு, பின்னால ரெண்டு பேக்கிங் பையங்க. வாடை அடிக்கி. கட்டு நனைஞ்சு கிடக்கு. எங்க யூனிஃபார்ம் சேலை அரக்குக் கலரு, என் மேல ஈரம் தெரியாது. அவ புதுசுங்கதால வெளிர் நீலச் சுடிதாரு, கைல நனைஞ்ச துப்பட்டா.

“யாரு பண்ணது இது?” அப்படின்னாரு.

நான் வாயைத் திறந்தேன். மூச்சு இன்னும் சரியா வரல. அதுக்குள்ள அவ சொல்லிட்டா.

“நான்தான் சார்.”

அவ்வளவுதான். நான் சொல்லச் சொன்னேனா? கையைக் காட்டினேனா? ஒண்ணும் இல்ல. அவளா முந்திக்கிட்டா. சார் கத்துன கத்துல மூணாம் மாடியே திரும்பிப் பாத்துச்சு. பட்டை நாசம் பண்ணிட்டியே, வெளிய தெரிஞ்சா எவன் இந்தக் கடைல பட்டு எடுப்பான்னு. அவ தலையைக் குனிஞ்சு நின்னா. அழுதாளான்னு பாத்தேன். அழல.

மறுநா அவங்க அப்பாவை வரச் சொல்லி அனுப்பி வச்சுட்டாங்க. எழுதிக் குடுத்த மூணு வருசம் கிடையாது, ஒண்ணும் கிடையாது, இந்தப் பிள்ளை எங்களுக்கு வேண்டாம்னுட்டாங்க. அவரு வெக்கத்துல யார் முகத்தையும் பாக்காம முன்னால போறாரு. அவ பையைத் தூக்கிட்டுப் பின்னால போறா. ஹாஸ்டல் வாசல்ல நான் நின்னுட்டு இருந்தேன். என் பக்கத்துல வந்ததும், “தண்ணி குடிங்கக்கா”ன்னு சொல்லிட்டுப் போனா.

அதுல இருந்து என் பிள்ளைங்க என்னையப் பாக்குற பார்வையே வேற. யாரும் வாய் திறந்து கேக்கல. ஆனா மொட்டை மாடிக்குப் போகணும்னு என்கிட்ட வந்து நிக்கும்போது நேரா என் இடுப்புக்குக் கீழ பாக்குதுங்க. இவ ஹாஸ்டல்ல வச்சு யார்கிட்டயாவது சொல்லிருப்பாளோன்னு எனக்குச் சந்தேகம். இந்தக் கடைல ஒரு சொல்லுக்கு ஆளாகாம இருந்தவ நான். இப்ப சரக்கு லிஃப்ட்லயும் கேமரா வச்சுட்டாங்க.

பொங்கல் முடிஞ்சு ஒருநா அவகிட்ட இருந்து போன் வருது. பாளையங்கோட்டைல நர்சிங் சேந்துட்டாளாம். அவங்க அம்மா நகையை வச்சு அனுப்பிருக்காங்க. கடைல விரட்டின பிள்ளையை வேற எங்க வேலைக்கு அனுப்பன்னு அவங்க அப்பாவும் சரின்னுட்டாரு. எனக்குச் சுருக்குன்னு வந்துச்சு.

“என் பேரைக் கெடுத்துட்டு நீ நல்லா இருக்க, என்னட்டி?”

“உங்க பேரை எங்கக்கா கெடுத்தேன்? என் பேரைத்தான சொன்னேன்.”

“யாரு சொல்லச் சொன்னா உன்னைய? நான் கேட்டேனா?”

அவ சொல்லுதா, “நான் உங்களுக்காகச் சொல்லலக்கா. அப்பாகிட்ட வாராவாரம் போன்ல அழுதேன், வந்து கூட்டிட்டுப் போங்கன்னு. வரல. நானாப் போனா வீட்டுல சேக்க மாட்டாரு. கடைல விரட்டினாத்தான் உண்டு. திருடினியா, எவன்கூடயாவது பேசினியான்னு பேரு வாங்கிட்டுப் போக எனக்கு மனசில்ல. மூத்திரம் போறது ஒரு பழியாக்கா? கதவு திறக்கும்போது சட்டுன்னு தோணுச்சு, சொல்லிட்டேன்.”

கேட்டியா? நான் இத்தனை நாளா அவ எனக்காகச் செஞ்சுட்டாளேன்னு உள்ளுக்குள்ள குமைஞ்சிட்டுக் கிடந்தேன். அவ என்னடான்னா அதை வச்சுத் தப்பிச்சுப் போயிருக்கா. என்னோடதை வச்சு!

அதோட விடல. “நீங்களும் சொல்லிருக்கலாமேக்கா. ரெண்டு பேருமே வந்திருக்கலாம்” அப்படிங்கா.

வந்து? எங்க வர்றது? அவளுக்கு உடன்குடில ஒரு வீடு இருக்கு, அம்மா இருக்கா. எனக்கு இருக்கிறது கடை குடுத்த ரூமு. அவியளுக்கும் அங்கதான் வேலை. நான் மாடியை விட்டு இறங்கினா அவிய ஸ்டூலும் போயிரும். சின்னப் பிள்ளை, அவளுக்கு என்ன தெரியும்? நான் போனை வச்சுட்டேன்.

பங்குனில எனக்குக் குளிர்க்காய்ச்சல். முதுகு ரெண்டு பக்கமும் பிளக்கு. பெரிய ஆஸ்பத்திரில டாக்டரம்மா அமுக்கிப் பாத்துட்டு, மூத்திரம் போயிட்டு வான்னாங்க. போயிட்டு வந்தேன். மறுபடி மெசின் வச்சுப் பாத்தா பாதிக்கு மேல உள்ளயே நிக்காம். பை இழுபட்டு இழுபட்டு ரப்பர் தளந்த மாதிரி ஆயிருச்சாம். ரொம்பிருச்சுன்னு மூளைக்குச் சொல்லவும் மாட்டேங்குதாம், முழுசாப் பிழிஞ்சு வெளிய தள்ளவும் மாட்டேங்குதாம். நிக்கிற தண்ணி மேல ஏறி கிட்னி வீங்கிருக்கு. இனி முட்டுதா இல்லையான்னு பாக்காத, கடிகாரத்தைப் பாத்து ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்காப் போ, தண்ணி நல்லாக் குடி, இல்லன்னா டியூப் போட்டுத்தான் எடுக்கணும்னுட்டாங்க. வெளிய இன்னொரு ஸ்கேன் எடுக்கச் சீட்டும் எழுதிக் குடுத்தாங்க. அதுக்குப் பிறகு அந்தப் பிள்ளைக்கு நான்தான் போன் போட்டேன். வேற யார்கிட்டக் கேக்க? உடனே ஸ்கேன் எடுங்க, தள்ளிப் போடாதீங்கன்னு சொன்னா. இங்க பையை ரொம்ப வச்சு ஒருக்கா எடுப்பாங்க, போயிட்டு வந்து ஒருக்கா எடுப்பாங்க.

கடைல சொல்லி அனுமதி வாங்கிக்கோன்னு டாக்டரம்மா சொல்லிருக்காங்க. வாங்கலாம்னுதான் சார் ரூமுக்குப் போனேன். உள்ள வாங்கன்னாரு. நான் வாய் திறக்கதுக்கு முன்னால அவரு சொல்லுதாரு, “மத்த மாடிலல்லாம் பொண்ணுங்க அஞ்சு நிமிசத்துக்கு ஒருத்தி மேல ஓடுறாளுங்க. நீங்க இருக்கிறதாலதான் மூணாம் மாடி ஒழுங்கா இருக்கு.” நான் சரி சார்னுட்டு வந்துட்டேன்.

அப்புறம் எப்படிம்மா கேப்பேன்? ரெண்டு மணிக்கொருக்கா நானே மேல போனா, பிள்ளைங்க சும்மா இருக்குமா? ஒவ்வொண்ணும் வந்து நிக்கும், அக்கா நீங்க போறீங்களேன்னு. நான் என்ன பதில் சொல்ல? இன்னைக்குக் கூட எங்க சித்தப்பா செத்துட்டாருன்னு சொல்லித்தான் அரை நாள் லீவு வாங்கிருக்கேன். சித்தப்பா நல்லா இருக்காரு. மத்தியானத்துக்குள்ள போயி நிக்கணும், முகூர்த்தக் கூட்டம்.

உனக்கு முடியலையா? கண்ணெல்லாம் கலங்குதே. எதுக்கு என்னையப் பாக்க? என்கிட்டயா கேக்கணும்? ரொம்ப முடியலன்னா எந்திரிச்சுப் போயிட்டு வா, திரும்பக் குடிச்சுக்கலாம். வயித்துல பிள்ளை இருக்கு, அடக்கிப் பழகாத.

இரு, இரு. அந்தா, என் பேரைக் கூப்பிடுதாங்க. ரொம்பிருச்சா, நல்லா முட்டுதான்னு கேக்கா ஸ்கேன் ரூம் வாசல்ல நிக்கிற பிள்ளை. ரொம்பலன்னா திரும்ப உக்கார வச்சிருவாங்க, எனக்கு நேரம் இல்ல. நீ பாத்ரூம் போறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லிட்டுப் போம்மா. முட்டுறதுன்னா இப்ப உனக்கு எப்படி இருக்கு? அடிவயிறு கல்லு மாதிரியா? தொப்புளுக்குக் கீழ குத்துதா, இல்ல கனமா இழுக்குதா? தொடை நடுங்குதா?

சரி. அப்படியே சொல்லிருதேன்.